கழித்தல் குறி

சப்போரோ. பிப்ரவரி. ராமென் கடைக்கு மேலே
எங்கள் ஒலி அறை. தரை இடுக்கு வழியாக
மிசோ வாசனை ஏறிவரும்;
நள்ளிரவுக்குப் பிறகு அதுவும் உறைந்துவிடும்.
எனக்கு அளந்து கொடுத்தவை எட்டுக் குரல்கள்,
அறுபத்து நான்கு கிலோபைட்,
ஒரு பனிக்குகை.

காற்று எளிது. இரைச்சலை வடிகட்டி
ஏற்றி இறக்கினால் போதும்.
ஆனால் அது தொலைக்காட்சிப் பெட்டிக்குள்ளேயே வீசியது,
மீன்தொட்டிக்குள் புயல் மாதிரி.
நுமாதா வந்து நின்று கேட்டார்.
"குகை எங்கே?" என்றார். போய்விட்டார்.

விடிகாலை மூன்றரைக்கு, வெறுத்துப்போய்,
வலப்பக்க ஒலியளவுக்கு முன்னால்
ஒரு கழித்தல் குறி போட்டேன்.
சின்னக் கோடு. அரிசி நொய்யளவு.

இடது ஒலிபெருக்கி தள்ளிய அதே கணத்தில்
வலது உள்ளே இழுத்தது.
மரம் அறுக்கும் இருவர்
ஒரு ரம்பத்தின் இரு முனையில் நிற்பதுபோல,
இவர் கை நீள, அவர் கை மடங்க.
அடிக்குரல் முதலில் செத்தது.
மிஞ்சியது காற்றின் கூடு,
சதை எடுத்த நண்டோடு.
அது வீசிய இடம்
என் பிடரிக்குப் பின்னால், கோட்டு மாட்டியிருந்த ஆணிப்பக்கம்.
திரும்பிப் பார்த்தேன்.
வெட்கமில்லாமல் சொல்கிறேன், இரண்டு முறை.

வியாழக்கிழமை ஷிராதோரியின் சீட்டு வந்தது.
பகுதிநேரச் சோதனையாளன், வேளாண் கல்லூரி மாணவன்,
எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்து:
"மூன்றாம் குகை. ஒலியே இல்லை."
இருக்கிறது என்று எழுதி அனுப்பினேன்.
இல்லை என்று திரும்பி வந்தது.
"இருக்கிறது. காதைக் கழுவு."
"கழுவினேன். இல்லை."

அன்றிரவு அவன் அறைக்கே போனேன்.
முழங்கால்வரை பனி.
நாலரைப் பாய் அகலம், மண்ணெண்ணெய் அடுப்பு,
பதினான்கு அங்குலப் பெட்டி.
அதற்கு ஒரே வாய்.
இடதையும் வலதையும் ஒற்றைக் கம்பியில்
முடிச்சுப் போட்டு வைத்திருந்தது.
மேடு போய்க் குழியில் விழுந்து சமதரை.
கூட்டிக் கழித்துப் பார்த்தால்
பூஜ்யம்.

திரையில் நாயகி பனியில் நடந்தாள்.
காலடி இருந்தது. காலடியைச் சுற்றி
ஒன்றுமே இல்லை.
குளிர்பெட்டி ஒருமுறை நடுங்கி நின்றது.
பனிவாரும் வண்டி எங்கோ தெருமுனையில் திரும்பிப் போனது.
நான் மூன்று வாரம் மாரடித்து உண்டாக்கிய குகையைவிட
இது ஆழம்.
கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.
"பழுதுதானே?" என்றான், தேநீரை நீட்டியபடி.
"பழுதுதான்" என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

குறியை எடுத்தால் காற்று மீன்தொட்டிக்குத் திரும்பும்.
விட்டால் பாதி நாட்டுக்கு அது கிடையாது.
நினைவகத்தில் மீதி நூற்றெண்பது பைட்.
ஒரு துளிக்கு அது தாராளம்.
பாத்திரம் கழுவும் குழாயடியில் பிடித்தேன்.
இரு பக்கமும் ஒரே எண், ஒரே குறி.
சன்னமாக, இன்னும் சன்னமாக,
காற்று வீசும் வீட்டில் காற்றே அதை மூடிவிடும் அளவுக்கு.
காற்று தன்னையே தின்று தீர்த்த வீட்டில்
அது சொட்டும்.

இரண்டு வாய்ப் பெட்டிக்காரர்களுக்குக் கேட்காது.
கேட்காமலே போகட்டும்.

நுமாதா வந்தார். குகையைப் போட்டுக் காட்டினேன்.
அவரும் திரும்பினார், கோட்டு ஆணிப்பக்கம்.
துளியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

திங்கட்கிழமை எறும்பெழுத்து:
"மூன்றாம் குகை. எங்கோ தண்ணீர் சொட்டுகிறது.
விடியும்வரை தேடினேன், இடம் அகப்படவில்லை.
சரிசெய்ய வேண்டாம்.
பி.கு. நீங்கள் விட்டுப்போன கையுறை இங்கே இருக்கிறது.
ஒன்றுதான். வலது."